கொழுந்துக்குள் செம்பு

ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து அரைக்கும் மேசைகளுக்குப் பித்தளைத் தகடு போட்டிருந்தார்கள். இரும்பு மலிவானது, உறுதியானது. ஸ்டோரின் தூண்களும் கூரைச் சட்டங்களும் பல்சக்கரங்களும் அதனால்தான் ஆனவை. ஆனால் வாடிய கொழுந்து நசுங்கிச் சாறு கசியும் இடத்தில் இரும்பு படக்கூடாது என்பது தொழிலின் பழைய விதி. அரைத்த இலையைப் பரப்பி வைக்கும் இடமும் சீமெந்து, ஓடு, கண்ணாடி, பிற்காலத்தில் அலுமினியம் என்றே இருந்தது. பதுளையிலிருந்து நமுனுகுலை மலைப்பக்கமாக ஏறினால் வரும் ஸ்பிரிங்வெளி முதல் பசறை, மடுல்சீமை வரை இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலை இப்படிப்பட்ட விதிகளின் மேல்தான் செய்யப்பட்டது. அவற்றின் காரணம் இரும்பின் அணுவிலும் செம்பின் அணுவிலும் ஒட்சிசனின் மூலக்கூறிலும் இலத்திரன்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. இலத்திரன் என்று ஒன்று உண்டென்று 1897இல் ஜே. ஜே. தோம்சன் நிறுவியபோது, இந்த மலைகளில் தேயிலை செய்யும் தொழில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. தோட்ட வரலாறு என்றால் காடழித்த கதை, கொம்பனிக் கணக்கு, லயத்தின் துன்பம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஸ்டோருக்குள் நடந்தது இரசாயனவியல் வரலாற்றின் ஒரு பகுதி. அதை அப்படியே கணக்கில் எடுக்கவேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வரலாறு கோப்பியின் அழிவிலிருந்து தொடங்குகிறது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொட்டுகள் முதலில் காணப்பட்டன. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற அந்தப் பூஞ்சை இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரத்தையே தின்று தீர்த்தது. அதை ஆராய 1880இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் நோயின் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவாக்கினாரே தவிர, கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி மண்ணில் தேயிலை வந்தது. பயிர் மாற்றம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். தொழிலின் உள்ளமைப்பே அப்போது மாறியது என்பது கவனிக்கப்படுவதில்லை. கோப்பிப் பழத்தைத் தோட்டத்தில் தோல் நீக்கிக் காயவைத்தால் போதும். மீதி வேலையைக் கொழும்பில் வைத்துச் செய்யலாம், சில நாள் தாமதம் பெரிதல்ல. தேயிலைக் கொழுந்து அப்படிக் காத்திருக்காது. கிள்ளிய கணத்திலிருந்து அதற்குள் மாற்றம் தொடங்கிவிடுகிறது. அடுத்த நாளுக்குள் அது தேயிலையாகவேண்டும், இல்லையேல் குப்பை. அதனால் ஒவ்வொரு பெரிய தோட்டத்துக்கும் சொந்த ஸ்டோர் தேவைப்பட்டது. வில்லியம் ஜக்ஸன் வடிவமைத்த உருட்டு இயந்திரங்களும், பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த சிரோக்கோ உலர்த்திகளும் மலையேறின. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். அதுவரை இந்த இரும்புச் சுமை ஊவாவின் உட்பகுதிகளுக்கு வண்டிப் பாதையில்தான் போயாகவேண்டும். ஸ்டோரின் சுழலும் சக்கரங்களுக்குத் தொழிலாளர் ரோதைமுனி என்ற காவல் தெய்வத்தை நிறுத்திப் பூசை செய்தார்கள். கைவிரலை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்தின் மேல் கொண்ட பயம் மட்டுமாக அதை நான் பார்க்கவில்லை. ஓர் இரவுக்குள் பச்சை இலை வேறொரு பொருளாகிவிடும் இடம் சாதாரண இடமல்ல என்ற உணர்வும் அதில் உண்டு.

அந்த ஓர் இரவில் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். மடுவம் என்னும் நிறுவைக் கொட்டகையில் எடை பார்த்த கொழுந்து ஸ்டோரின் மேல்மாடிக்குப் போகும். அங்கே காற்றோட்டத்தில் பரப்பி வாடவிடுவார்கள். முக்கால் பங்குக்கு மேல் நீராக இருக்கும் இலை ஏறக்குறைய பாதி நீராகும்வரை வாட்டம். பிறகு உருட்டு இயந்திரம் இலையை முறுக்கி உடைக்கும். உயிருள்ள இலையில் பொலிபீனோல்கள் கலத்தின் புன்வெற்றிடத்திலும், அவற்றை மாற்றவல்ல நொதியம் பசுங்கணிகத்திலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. உருட்டு அந்தச் சுவர்களை உடைத்து இரண்டையும் ஒன்றாகக் கலக்கிறது; காற்றின் ஒட்சிசன் மூன்றாவதாகச் சேர்கிறது. உருட்டிய இலையைச் சலித்துப் பிரித்த ஈரத் தூளை டூல் என்பார்கள். ஒவ்வொரு டூலும் தனித்தனியே பரப்பப்பட்டு, பச்சை நிறம் செம்பு நிறமாகும்வரை வைக்கப்படும். கடைசியில் உலர்த்தியின் சூட்டுக்காற்று நொதியத்தைக் கொன்று, மாற்றத்தை நின்ற இடத்தில் நிறுத்தும். உருட்டுத் தொடங்கியதிலிருந்து உலர்த்திக்குள் போகும்வரை இரண்டு மூன்று மணி நேரம்தான். சீக்கிரம் நிறுத்தினால் சாயம் பச்சை வாடையோடு கசக்கும்; தாமதித்தால் பிரகாசம் செத்துச் சப்பென்றாகும். எப்போது நிறுத்துவது என்பதைத் தேயிலை செய்வதற்குப் பொறுப்பான டீமேக்கரும் அவருக்குக் கீழே வேலை செய்தவர்களும் ஒரு கைப்பிடி டூலை முகர்ந்தும் நிறம் பார்த்தும் முடிவு செய்தார்கள். அறையின் சூடு, அன்றைய ஈரம், இலையின் முற்றல் எல்லாம் நாளுக்கு நாள் மாறும். கடிகாரத்தை மட்டும் நம்பி நல்ல தேயிலை செய்ய முடியாது.

இந்த மாற்றம் என்ன என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. மதுவிலும் தயிரிலும் நடப்பதுபோல நுண்ணுயிர்கள்தான் இதையும் செய்கின்றன என்று ஒரு சாரார் நம்பினர். இந்த மாற்றத்துக்கு வழங்கும் நொதிப்பு என்ற பெயர் அந்தக் காலத்தின் மிச்சம். 1901இல் கல்கத்தாவில் ஹரல்ட் மானும், ஜப்பானில் அசோவும் தனித்தனியே, இலைக்குள்ளேயே இருக்கும் ஒட்சியேற்ற நொதியம்தான் காரணம் என்று காட்டினர். அந்த நொதியம் எது என்ற கேள்வி இன்னும் நாற்பது ஆண்டு நீடித்தது. இங்கேதான் இலங்கைக்கு உரிய பங்கு வருகிறது. 1925இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அங்கே ஆய்வாளர்களான லாம்பும் எச். பி. ஸ்ரீரங்காச்சாரும் 1940 முதல் பிரித்தானிய உயிரிரசாயன இதழில் இலங்கைத் தேயிலையின் நொதிப்புப் பற்றித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டனர். அசாமில் இருந்த ஆய்வாளர் ராபர்ட்ஸ் முதலில் பெரொட்சிடேசு என்றும் பின்பு வேறொரு நொதியம் என்றும் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1943இல் ஸ்ரீரங்காச்சார், தேயிலையின் ஒட்சியேற்றி செம்பைக் கொண்ட பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற முடிவை முன்வைத்தார். வாதம் சில ஆண்டுகள் ஓடியது. ஸ்ரீரங்காச்சாரின் பக்கமே நிலைத்தது. ஊவாவின் ஒவ்வொரு ஸ்டோரிலும் ஒவ்வொரு இரவும் வேலை செய்துகொண்டிருந்தது செம்பு என்பது அப்போதுதான் எழுத்தில் வந்தது.

ஏன் செம்பு? இலைக்குள் இரும்பும் மங்கனீசும் நாகமும் உண்டு. செம்போ மிகக் குறைவு. ஒரு கிலோ காய்ந்த தேயிலையில் சில பத்து மில்லிகிராம்கூடத் தேறுவது கடினம். விடையை அணுவின் உள்ளமைப்பில் தேடவேண்டும். 1913இல் நீல்ஸ் போர் இலத்திரன்களைச் சக்தி மட்டங்களில் நிறுத்தினார். 1925இல், தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்த அதே ஆண்டில், ஓர் ஒபிற்றலில், அதாவது இலத்திரன் இருக்கும் வெளியில், எதிரெதிர்ச் சுழற்சியுள்ள இரண்டு இலத்திரன்களுக்கு மேல் இடமில்லை என்ற தவிர்க்கைத் தத்துவத்தை வொல்ப்காங் பவுலி வகுத்தார். சம சக்தியுள்ள ஒபிற்றல்கள் பல இருந்தால் இலத்திரன்கள் முதலில் ஒவ்வொன்றாகத் தனித்து அமர்ந்து, பிறகே சோடி சேரும் என்று ஹுண்ட் காட்டினார். இந்த விதிகளின்படி 29 இலத்திரன்களுள்ள செம்பில், ஆகன் வாயுவின் அமைப்புக்குரிய 18 போக மீதி பதினொன்றும் 3டி உபமட்டத்தில் ஒன்பது, 4எஸ் உபமட்டத்தில் இரண்டு என்று அமையும் என எதிர்பார்க்கலாம். உண்மையில் 3டியில் பத்தும் 4எஸ்ஸில் ஒன்றுமே இருக்கின்றன. முழுதாக நிரம்பிய டி உபமட்டத்துக்கும் ஒன்று குறைந்ததற்கும் இடையே சக்தி வேறுபாடு சிறியது. அதனால் செம்பு ஓர் இலத்திரனை இழந்து பத்தோடும், இரண்டை இழந்து ஒன்பதோடும் நிற்கவல்லது; புரதத்தின் பிடிக்குள் இந்த இரு நிலைகளுக்கும் இடையே தடையின்றிப் போய்வரும். நாகத்துக்கு இந்த வசதி இல்லை: 3டி பத்தும் 4எஸ் இரண்டும் நிரம்பிய அது இரண்டை விட்டபின் அசையாது. தேயிலை நொதியத்தின் மையத்தில் இரண்டு செம்பு அயன்கள் அருகருகே இருக்கின்றன. பொலிபீனோலிலிருந்து இரண்டு இலத்திரன்களை வாங்கி, ஒட்சிசனிடம் கொடுத்து, மறுபடி வாங்கத் தயாராக நிற்பதே அவற்றின் வேலை.

ஒட்சிசனைப் பற்றியும் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். பழுத்த மாமரமும் பச்சைத் தேயிலைச் செடியும் எரியாமல் காற்றில் நிற்பது எப்படி? காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். அதன் முன் உயிர்ப்பொருள் எல்லாமே எரிபொருள்தான். ஒட்சிசன் மூலக்கூறின் வெளி ஒபிற்றல்களில் இரண்டு இலத்திரன்கள் சோடி சேராமல், ஒரே சுழற்சியோடு தனித்தனியே அமர்ந்திருக்கின்றன. திரவ ஒட்சிசன் காந்தத்தால் இழுக்கப்படுவது இதனால்தான். பொலிபீனோலின் இலத்திரன்களோ எல்லாம் சோடியாக இருப்பவை. ஒரு சோடியை அப்படியே வாங்கிக்கொள்ள ஒட்சிசனில் பொருந்தும் இடம் இல்லை. பவுலியின் விதி வாசலில் நிற்கிறது. ஆகவே சாதாரணச் சூட்டில் இரண்டும் நேரடியாக மெதுவாகவே வினைபடும். இலத்திரன்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றவல்ல ஒரு தாண்டல் உலோகம் இடையில் வந்தால்தான் அந்தத் தடை இலகுவாகக் கடக்கப்படும். நொதியத்தின் செம்புச் சோடி செய்வது இதைத்தான். ஒட்சிசன் மூலக்கூறொன்று நான்கு இலத்திரன்களைப் பெற்று இரண்டு நீர் மூலக்கூறாகிறது. அதற்காக இரண்டு பொலிபீனோல்கள் குவினோன்களாகின்றன. குவினோன்கள் தமக்குள் சேர்ந்து, பொன்னிறத் தியாபிளேவின்களையும் செம்பழுப்புத் தியாரூபிஜின்களையும் உண்டாக்குகின்றன. அவற்றின் வளையங்களில் பரவி நிற்கும் இலத்திரன்கள் நீல ஒளியை விழுங்குவதால்தான் கோப்பையில் பொன்னிறமும் சிவப்பும் தெரிகின்றன. ஒரு திருத்தம் மட்டும்: நன்றாக மாறிய இலை புதுச் செப்புக்காசு நிறத்தில் மின்னுவதற்கும் உள்ளே இருக்கும் செம்புக்கும் நேர்த்தொடர்பு இல்லை. அந்த நிறம் தியாபிளேவின் வகைகளுடையது. உலோகச் செம்பின் நிறத்துக்குக் காரணம் வேறு, அதன் டி இலத்திரன்கள்.

இப்போது மேசைக்கு இரும்பு ஏன் ஆகாது என்பதற்கு வரலாம். இரும்பின் 3டியில் ஆறு இலத்திரன்கள், 4எஸ்ஸில் இரண்டு. மூன்று இலத்திரன்களை இழந்த அயனில் ஐந்து ஒபிற்றல்களிலும் ஒவ்வொன்று. அந்த அயன் பொலிபீனோலின் அருகருகே உள்ள ஒட்சிசன்களின் இலத்திரன் சோடிகளைப் பற்றிக்கொள்கிறது. பொலிபீனோலிலிருந்து இரும்புக்கு இலத்திரன் தாவும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி உறிஞ்சப்பட்டு, கருநீலம் பிறக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்து கறுப்பு மையும் கறுப்புச் சாயமும் செய்த நம் பழைய வினைஞர்கள் இதே வினையைத்தான் பயன்படுத்தினார்கள். மைக்கு வேண்டிய அது தேயிலைக்கு நாசம்: இலை கறுத்து, சாயம் மங்கி, பொன்னிறம் போய்விடும். பித்தளையில் செம்பும் நாகமும் உண்டு. அவை இலையைக் கறுக்கவைப்பதில்லை. உருட்டும்போது மேசையிலிருந்து உரசிக் கலக்கும் கொஞ்சச் செம்பு தேயிலையின் செம்பளவைச் சற்றுக் கூட்டியதையும் ஆய்வாளர்கள் பின்னர் அளந்திருக்கிறார்கள். பித்தளையின் பயன் வேதிவினையைத் தூண்டுவது அல்ல, கெடுக்காமல் இருப்பதுதான்.

செம்பின் ஒற்றை இலத்திரனை அளந்து பார்த்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது இங்கே சொல்லத்தக்கது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த பௌதிகவியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் முகர்ஜியோடு சேர்ந்து 1936இல் மயில்துத்தப் பளிங்கின் காந்த இயல்பு வெவ்வேறு திசையில் எப்படி மாறுகிறது என்று அளந்தார். இரண்டு இலத்திரன் இழந்த செம்பில் 3டி ஒபிற்றல்களில் ஒன்று மட்டும் சோடியின்றி இருக்கிறது; சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள் எப்படி அமைந்துள்ளன என்பதை அந்த ஒன்றின் காந்தம் வெளியே காட்டிவிடும். ஊவாவுக்கும் மற்ற மலைத்தோட்டங்களுக்கும் தொழிலாளர் திரட்டப்பட்ட மதுரை, இராமநாதபுரச் சீமைகளின் மண்ணில் பிறந்த ஒருவர் செம்பின் இலத்திரனைப் பளிங்கில் வைத்துப் படித்த அதே ஆண்டுகளில், அந்தச் சீமையிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் அதே இலத்திரனின் வேலையை இலையில் வைத்துக் காவல் காத்தார்கள். இரண்டையும் இணைத்துப் பேச அப்போது ஆள் இல்லை என்பது எனக்கு வருத்தமான உண்மை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. முதலாவது, இது பிற்காலத்து அறிவை முற்காலத்தில் ஏற்றுவது: டூலை முகர்ந்தவருக்கு இலத்திரன் தெரியாது, அவர் செய்ததை இரசாயனம் என்பது மிகை. தெரியாது என்பது சரி. ஆனால் அவர் உலோகங்களைப் பிரித்தறிந்தார். வெப்பநிலையின் விளைவை அறிந்தார். தொடங்கிய மாற்றத்தை எங்கே நிறுத்தவேண்டும் என்று அறிந்து, தவறினால் என்ன கெடும் என்றும் சொன்னார். காரணம் தெரியாமல் விளைவுகளைத் துல்லியமாகப் பிரித்தறிவதுதான் இரசாயனவியலின் தொடக்ககாலம் முழுவதும். சாயக்காரரையும் உலோகம் உருக்கியவரையும் அந்த வரலாற்றில் சேர்த்துக்கொள்ளும் நாம் ஸ்டோர்காரரை மட்டும் விட்டுவிட நியாயம் இல்லை. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: பித்தளை மேசை ஊவாத் தொழிலாளி கண்டுபிடித்ததல்ல, பிரித்தானியப் பொறியியலாளர்கள் வடிவமைத்து அனுப்பியது. இதை ஒப்புக்கொள்கிறேன். இயந்திரமும் அதன் கைந்நூலும் வெளியிலிருந்து வந்தவை. வெளியிலிருந்து வர முடியாதது அன்றாடத் தீர்ப்பு, அதிலும் ஊவாவில். ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கச்சான் காற்றாக இந்தப் பக்கம் வரண்டு வீசும். வாட்ட மேடையில் இலை வழக்கத்துக்கு மாறான வேகத்தில் காயும். மே மாதத்து அளவுகள் ஆவணியில் பயன்படா. அந்தப் பருவத்தின் தேயிலைக்குத்தான் கொழும்பு ஏலத்தில் ஊவாவின் புகழே. அதைக் கெடுக்காமல் எடுத்தவர்கள் கைந்நூலைப் படித்துச் செய்யவில்லை.

இந்தக் காற்றைச் சொன்னவுடன் மூன்றாவது மறுப்பும் எழும்: ஊவாத் தேயிலையின் பெருமை அதன் மணம், செம்பும் இலத்திரனும் உலகத்துக் கறுப்புத் தேயிலை எல்லாவற்றுக்கும் பொது, ஊவாவுக்கு என்ன தனி? இதில் பாதி உண்மை இருக்கிறது. வரட்சியில் துன்பப்பட்ட இலை மெதைல் சலிசிலேற்றைக் கூடுதலாக உண்டாக்கும். வலித் தைலத்தில் நாம் அறிந்த அந்த வின்டர்கிறீன் வாசனைதான் ஊவா மணத்தின் முதுகெலும்பு. அது செம்பு நொதியத்தின் நேரடி விளைவல்ல. ஆனால் மணத்துக்கு அடியில் சாயமும் துவர்ப்பும் சரியாக இல்லாவிட்டால் அந்த மணத்துக்கு விலை இல்லை. குவினோன்கள் அமினோ அமிலங்களையும் தாக்கிப் புதிய மணப்பொருள்களை உண்டாக்குவதால், மணக்கணக்கிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஊவாவின் தனித்தன்மை காற்றில் இருக்கலாம். அதைக் கோப்பைவரை கொண்டுவந்தது பொது விதிகளைக் கையாண்ட திறமை.

செம்புதான் திறவுகோல் என்பதற்கு ஆய்வுகூடத்துக்கு வெளியே ஒரு சான்று ஆபிரிக்காவில் கிடைத்தது. நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், சில செடிகளின் இலை எவ்வளவு உருட்டினாலும் பச்சையாகவே கிடந்தது. மண்ணில் செம்புக் குறை. செம்பு தெளித்ததும் அதே செடிகளின் இலை ஒழுங்காக நிறம் மாறியது. இலங்கைக்குச் செம்பு வேறு வழியில், வேறு காரணத்துக்காக வந்தது. 1946இல் கொப்புள நோய் தீவுக்குள் நுழைந்தது. எக்சோபாசிடியம் வெக்சன்ஸ் என்ற பூஞ்சை. ஈரமான மேற்கு மலைகளில் அது வேகமாகப் பரவியது. கோப்பியின் கதை திரும்பும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. செப்புச் சேர்மங்களைத் தெளித்துத்தான் அதை அடக்கினார்கள். பூஞ்சையின் நொதியங்களைச் செம்பு அயன் செயலிழக்கச் செய்யும். இலையின் உள்ளே உயிர்வினையை நடத்தும் உலோகம் வெளியே நஞ்சாக வேலை செய்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே போய்வரும் இலத்திரன்களும், புரதங்களை இறுகப் பற்றும் ஒபிற்றல்களும். மருந்தடித்த ஆட்கள் கைப்பம்பை முதுகில் சுமந்து, நீலப்பச்சைத் தெளிப்பில் நனைந்து சரிவுகளில் நடந்தார்கள். கோப்பிக்குக் கிடைக்காத காப்பு தேயிலைக்குக் கிடைத்ததற்கு அவர்கள் உழைப்பும் காரணம். பிற்காலத்தில் தேயிலையில் எஞ்சும் செம்புக்கு எல்லை வகுத்தார்கள்; அந்த மாற்றமும் நல்லதுக்கே.

இலத்திரன் நிலையமைப்பு இன்று உயர்தர இரசாயனவியல் மாணவர் எல்லோரும் எழுதும் பாடம். குரோமியமும் செம்பும் விதிவிலக்கு என்பதை மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால் நிரம்பிய உபமட்டம் உறுதியானது என்று ஒரு வரி. பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆயினும் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இன்றும் சில இடங்களில் மட்டுமே கிடைக்கிறது. 1970களின் பிற்பகுதிவரை தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்த வரலாற்றின் பின்விளைவு இது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஒரு மாணவிக்குச் செம்பின் 3டி பத்து வெறும் விதிவிலக்காகவே சொல்லித் தரப்படுகிறது. அந்த விதிவிலக்கால் நடக்கும் வினை அவள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் உள்ள ஸ்டோரில் ஒவ்வொரு இரவும் நடக்கிறது. பாடநூலில் ஒரு பந்தி போதும் இதைச் சேர்க்க.

கற்றுக்கொடுக்க இன்னும் விடை தெரியாதவையும் உண்டு. தாவர நொதியமொன்றின் செம்புச் சோடியின் சரியான அமைப்பு 1998இல்தான், சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கற்றெக்கோல் ஒட்சிடேசைப் பளிங்காக்கிப் பார்த்தபோது தெளிவானது. தேயிலைச் சாயத்தில் மிகப் பெரும்பங்கான தியாரூபிஜின்கள் ஒரே பொருளல்ல, ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கூட்டம் என்று 2010 முதல் வந்த திணிவு நிறமாலை ஆய்வுகள் காட்டின. குவினோன்கள் எந்த வரிசையில், எந்த இலத்திரன் கைமாற்றத்தால் அவற்றை உண்டாக்குகின்றன என்பதற்கு முழு விளக்கம் இன்னும் எழுதப்படவில்லை. உலர்த்திக்கு அனுப்பும் நேரத்தை ஊவா ஸ்டோர்கள் வெப்பமானியையும் கடிகாரத்தையும் பார்த்து, கடைசியில் டூலை முகர்ந்தே இன்றும் தீர்மானிக்கின்றன.